கல்லுக்குள் அடைபட்ட மஞ்சள் காற்று

அந்தக் காலத்தில் காற்றுக்கும் வாய் இருந்தது, கல்லுக்கும் வாய் இருந்தது. அப்போது மஞ்சள் காற்று என்று ஒன்று தன் இஷ்டத்துக்குத் திரிந்தது. தொட்டதையெல்லாம் தின்னும். புல்லைத் தொட்டால் புல் பற்றிக்கொள்ளும், தண்ணீரைத் தொட்டால் தண்ணீரே சீறும். அது வரும் திசையைப் பார்த்து மூட்டை கட்டுவதே மலையடிவார ஜனங்களுக்குப் பிழைப்பாகிவிட்டது.

சுண்ணாம்பு சுடும் மாதம்மாளும் அப்படி ஊர் ஊராக ஓடியவள்தான். போன இடத்திலெல்லாம் காளவாய் கட்டுவாள். அதன் ஈரம் காய்வதற்குள் விட்டுவிட்டு ஓடுவாள். அவளுக்கு அலுத்துப்போனது. இந்த முறை ஊரே கிளம்பியபோது, எரிகிற காளவாய் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மே, எழுந்திரு. உசுரு இருந்தா வேற எடத்துல பொழச்சிக்கலாம்" என்றான் அவள் புருஷன் திம்மராயன்.

"நீ வேணும்னா போ. எத்தினி தடவதான் ஓடறது? நான் இந்த எடத்த வுட்டு நவர மாட்டேன்."

அவளை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் நின்றான்.

காற்று வந்து சேர்ந்தது. "எல்லாரும் ஓடிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்று கேட்டது.

"எடம் இருக்கிறவ எதுக்கு ஓடணும்? ஒண்ட எடமில்லாம அலையறது நீதான்" என்றாள் மாதம்மாள். "எல்லாத்தயும் தின்னுவேன்னு பீத்திக்கிறியே, உள்ள வெந்து கெடக்கிற என் சுண்ணாம்பத் தின்னு பாக்கலாம்."

ரோஷக்காரக் காற்று அது. மொத்தமாகக் காளவாய்க்குள் புகுந்தது. "வா ராசா" என்று சுண்ணாம்பு அதைக் கட்டிப்பிடித்தது. காற்று திமிறியது, கெஞ்சியது. பிடி தளரவில்லை. வெள்ளைக் கல் மெல்ல ஊதாவாக மாறியது.

"தண்ணி மட்டும் ஊத்திடாத" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை. வெந்த கல்லைக் கண்டால் தண்ணீர் ஊற்றி நீற்றுவது சுண்ணாம்புக்காரன் கைப்பழக்கம். திம்மராயன் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டிருந்தான். இன்னும் இறுகாத ஓரத்துக் கற்கள் கரைந்தன. அவற்றிலிருந்த கொஞ்சம் காற்று தண்ணீரோடு தண்ணீராக மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பாவம், அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

பக்கத்திலிருந்த கிணற்றின் ஆழத்திலிருந்து காற்று பேசியது: "சுண்ணாம்பு உங்க பல்லுலயும் எலும்புலயும்கூட இருக்கு. இந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க வாய்க்குள்ள வந்து பழி தீப்பேன்."

மாதம்மாள் எழுந்து போய் அந்தக் கிணற்றிலேயே இறைத்து, ஒரு மடக்குக் குடித்தாள்.

"பல்லத்தானே கேக்குற? எடுத்துக்க. எடத்தக் கேக்காத."

ஓடிய ஜனங்கள் திரும்பி வந்தபோது அவள் பல்லெல்லாம் பழுப்பேறியிருந்தது. அத்தனை பல்லும் தெரிய அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று முதல்தான், இன்று நாம் ஃப்ளோரின் என்று சொல்லும் அந்தக் காற்று தனியாகத் திரியாமல் கல்லுக்குள் கிடக்கிறது. அந்தக் கல்லை நனைத்து வரும் ஆழத்துத் தண்ணீரைக் குடித்து வளர்கிறவர்களின் பல்லில் கறை ஏறுகிறது. மாதம்மாளின் ஊர்ப் பெண்கள் சிரிக்கும்போது வாயைப் பொத்துவதில்லை.