சிவப்புப் பொட்டு வைத்த கீ

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, சாலைக்கு இந்தப் பக்கம், மனு அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவர் மெஹருன்னிசா. வயது முப்பத்தாறு. அவரிடம் தொழில் கற்க வந்தவர் குழந்தைவேலு. வயது ஐம்பத்தொன்பது. லேத் பட்டறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். இடது கையில் கட்டை விரலும் சுட்டு விரலும் இல்லை.

வந்த அன்றே கேட்டார்.

"எட்டு விரல் போதுமா டீச்சர்?"

"எதிர்ல வக்கீலுங்க ரெண்டு விரல்லதான் அடிக்கிறாங்க. உங்களுக்கு ஆறு மிச்சம் அண்ணா."

தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் மாற இடது கையால் இரண்டு கீயைச் சேர்த்து அழுத்த வேண்டும். அவருக்கு அது வரவில்லை. பதினோரு நாள் பார்த்துவிட்டு, டீச்சர் கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றினார். மேல் வரிசையில் யாரும் தொடாத ஒரு கீ. அதில் நகப்பாலீஷால் சிவப்புப் பொட்டு வைத்தார். ஒரு தடவை அழுத்தினால் தமிழ். இன்னொரு தடவை அழுத்தினால் இங்கிலீஷ்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. மனு சொல்பவர் பேசும்போது திரையைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தே அடிக்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். முடிந்ததும் ஒரு தாள் எடுத்துப் படித்துக் காட்ட வேண்டும். கைரேகை அதற்குப் பிறகுதான்.

"போறதுக்கும் அதே கீ, வர்றதுக்கும் அதே கீ," என்றார் குழந்தைவேலு. "திரையையும் பார்க்கக் கூடாது. எதுல நிக்கிறேன்னு எப்படித் தெரியும்?"

"முதல் எழுத்தை மட்டும் பாருங்க. அப்புறம் முகம்."

நான்கு மாதம் ஒரு தவறும் வரவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு திங்கட்கிழமை. குறைதீர்க்கும் நாள். டோக்கன் எண்ணை மைக்கில் கூப்பிடுவது கடை வரைக்கும் கேட்கும். டீச்சர் பேப்பர் கட்டு வாங்கப் போயிருந்தார். மைக்கில் ஐம்பத்தெட்டு கூப்பிட்டபோது ஓர் அம்மாள் உள்ளே வந்தார். கையில் டோக்கன் நூற்றுப் பதினெட்டு.

"எம் பேரு பாவாயிங்ணா. எம் பையன் சென்னியப்பன். சாயப்பட்டறைத் தொட்டியில போயிட்டான்."

பட்டறையின் பெயர் என்ன என்று குழந்தைவேலு கேட்டார். அந்த அம்மாள் சம்பளச் சீட்டை நீட்டினார். பெயர் இங்கிலீஷில் இருந்தது. சிவப்புப் பொட்டை அழுத்தி அதைப் பார்த்து அடித்தார். நிமிர்வதற்குள் மேசையில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான்.

"இது இவந்தானுங்ணா."

அவர் போட்டோவைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அடிக்கத் தொடங்கினார். முதல் எழுத்தைப் பார்க்கவில்லை.

பாவாயி அழவில்லை. ஆனால் நான்கு இடத்தில் பேச்சு நின்றது. நின்ற இடத்தில் அவரும் ஒரு வரி விட்டுக் கையை நிறுத்தினார். திரும்பப் பேசியபோது திரும்ப அடித்தார். முடிந்தபோது மைக்கில் எழுபத்தொன்பது.

தாள் வந்தது. பட்டறையின் பெயருக்குக் கீழே நாற்பத்தொரு வரி. முழுக்க இங்கிலீஷ் எழுத்து. எந்த மொழியிலும் அது ஒரு சொல் இல்லை.

"படிச்சுக் காட்டுங்ணா," என்றார் பாவாயி.

"மிஷின் கோளாறு அம்மிணி. வேற தாள் எடுக்கறேன்."

தாளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். திரையில் இருந்ததையும் அழித்தார். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. அந்த நான்கு இடத்தையும் அந்த அம்மாள் மறுபடி கடக்க வேண்டும். தன் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் எது பெரிதாக இருந்தது என்று அவர் அப்போது பார்க்கவில்லை.

சிவப்புப் பொட்டை அழுத்தினார். இந்தத் தடவை திரையைப் பார்த்தே அடித்தார். நல்ல தமிழ். பன்னிரண்டு வரி. மனுவில் வழக்கமாக வரும் சொற்கள்தான். படித்துக் காட்டினார்.

"மேற்படி பட்டறையில் பணிபுரிந்து வந்த என் மகன், தொட்டியைச் சுத்தம் செய்யத் தாமாக இறங்கி, விஷவாயு தாக்கி மரணமடைந்தார் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்…"

பாவாயி கடைசி வரை கேட்டார்.

"நா அத்தன நேரம் பேசுனது இவ்வளவுதானுங்களா?"

"எல்லாம் இதுல அடக்கம் அம்மிணி."

"படிச்சவங்க சொன்னா சரிங்ணா."

குழந்தைவேலு ஸ்டாம்ப் பேடைத் திறந்தார். அந்த அம்மாளின் கட்டை விரலைப் பிடித்து மையில் தொட்டு, தாளில் வைத்து உருட்டி எடுத்தார்.  

பாவாயி சாலையைக் கடந்து போனார். மைக்கில் எண்பத்தெட்டு.

எண்பத்தொன்பதில் டீச்சர் வந்தார். பேப்பர் கட்டை இறக்கினார். கூடையைப் பார்த்தார்.

"என்ன அண்ணா, கசங்கின தாள்?"

குழந்தைவேலு மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பிறகு,

"இந்த ஒத்தக் கீயே வேண்டாம் டீச்சர். எடுத்துடுங்க. ரெண்டு கீயா இருந்தா அழுத்தறப்ப ஒரு நினைப்பு இருக்கும். இது சும்மா தொட்டா மாறிடுது. இதை நம்பி எப்படி அடிக்கிறது?"

டீச்சர் தாளைக் கூடையிலிருந்து எடுத்தார். மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். பேப்பர் ஸ்டாண்டில் செருகினார்.

"தமிழ்ல வையுங்க."

வைத்தார்.

"முதல் எழுத்து?"

"தமிழ்தான் டீச்சர். பார்த்துட்டேன்."

"தாள்ல என்ன எழுத்து இருக்கோ அந்தக் கீயை அடியுங்க. ஒண்ணு விடாம."

"நீங்க அடிச்சா சீக்கிரம் முடியும்."

"அவங்க உங்ககிட்டதான் சொன்னாங்க."

அவர் அடித்தார். அர்த்தமில்லாத எழுத்தைப் பார்த்து அடிக்க அடிக்கத் திரையில் அந்த அம்மாள் பேசத் தொடங்கினார். அவன் காலையில் பழைய சோறு சாப்பிட்டது. வண்டிக்குப் பெட்ரோல் இல்லாமல் நடந்து போனது. நின்று நின்று பேசிய இடத்தில் நான்கு காலி வரி விட்டிருந்தது. அவருடைய விரல்கள் எதையும் விடவில்லை.

மைக்கில் தொண்ணூற்றாறு. நூற்று நான்கு. நூற்றுப் பத்து.

இருபத்தாறாம் வரி.

தாளில் இருந்த இங்கிலீஷ் கே அடித்தார், ம வந்தது. ஈ அடித்தார், மூ ஆயிற்று. பி. டி.

மூணு.

மூணு தடவ கூப்புட்டாங்க. ரெண்டு தடவ மாட்டேன்னான். மூணாந்தடவ கயித்தக் கட்டிக்கிட்டு எறங்கறேன்னான். கயித்துக்கெல்லாம் நேரமில்ல, இப்ப எறங்கு, இல்லாட்டி நாளையிலிருந்து வராதன்னாங்க.

குழந்தைவேலு கையை எடுத்துவிட்டார்.

"இதைக் கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"கேட்டேன்."

"மனுவில என்ன போட்டீங்க?"



"தாமாக இறங்கின்னு."

மைக்கில் நூற்றுப் பதினாறு.

டீச்சர் அடித்தவரைக்கும் பிரிண்ட் எடுத்தார். "ஓடுங்க அண்ணா."

அவர் ஓடினார். சாலையில் இரண்டு பஸ் போக நின்றார். கேட்டில் போலீஸ்காரர் மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று மடியைத் தடவிப் பார்த்தார். படி பதினான்கு. பதினான்காம் படியில் பாவாயி எதிரே இறங்கி வந்தார். கையில் சீல் போட்ட ரசீது.

"குடுத்துட்டேனுங்ணா. வாங்கிக்கிட்டாங்க."

குழந்தைவேலு உள்ளே போனார். தாளை நீட்டினார். மனுக்களை அடுக்கிக்கொண்டிருந்த கிளார்க் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை அடுத்த திங்கக்கிழமை தனி மனுவாக் குடுங்க. வாங்கிக்குவோம். ஆனா பெரியவரே, முதல் மனுவுல அந்தம்மாவே, மகன் தானா இறங்கினான்னு கைரேகை வெச்சிருக்கு. பட்டறைக்காரங்க அதைத்தான் காட்டுவாங்க."

"அது நான் போட்ட சொல்லுங்க."

"ரேகை உங்களுது இல்லையே."

வெளியே பாவாயி படியில் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு பக்கத்தில் உட்கார்ந்தார். இருபத்தாறு வரியையும் படித்துக் காட்டினார்.

"இதத்தானுங்ணா நாஞ் சொன்னேன்," என்றார் பாவாயி. முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாங் குடுத்தது என்னதுங்க?"

 குழந்தைவேலு மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் திட்டவில்லை. தன் கட்டை விரலை முந்தானையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். எழுந்து பஸ்ஸுக்குப் போனார்.

கடைக்குத் திரும்பியபோது மைக் நின்றுவிட்டிருந்தது. மீதிப் பதினைந்து வரியை டீச்சர் அடித்து முடித்திருந்தார். நாற்பத்தொரு வரியும் தமிழில், மூன்று பிரதி.

"அடுத்த திங்கள் அவங்க வந்தா இதுல ரேகை வைக்கலாம். வராமப் போனா அவங்க வீட்டுக்கு நீங்க கொண்டு போகணும்."

"போறேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"டீச்சர், அந்தக் கீயை எடுத்துடுவீங்களா?"

டீச்சர் சிவப்புப் பொட்டை அழுத்தினார். இங்கிலீஷ் ஆயிற்று. மறுபடி அழுத்தினார். தமிழ் ஆயிற்று.

"இது இருக்கட்டும் அண்ணா. இன்னொரு தடவை அழுத்தினாத் திரும்பி வந்துடுது."

மேசை ஓரத்தில் ஸ்டாம்ப் பேடு திறந்தே கிடந்தது. டீச்சர் அதை அவர் பக்கமாகத் தள்ளினார்.

"இதை மூடி வையுங்க. இதுக்கு அப்படி ஒரு கீ நான் பார்த்ததில்லை."

குழந்தைவேலு மூடியை எடுத்தார். அவருடைய எட்டு விரலில் மூன்றில் மை இருந்தது.