காற்று: இல்லை

“ஒரு சத்தம்கூடக் குடுக்காம வந்துட்டுதும்மா” என்றார் சிதம்பரநாதன்.

உமையாள் அம்மையார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“எது?”

“நோவுதான். வடிவைக் கொண்டுபோன நோவு. நெஞ்சு முழுக்கப் பரவின பிறகுதான் தெரிஞ்சுது. எத்தனை நாளா இப்படின்னு டாக்டர் கேட்டார். அறிகுறியே இல்லைன்னேன். நூறடிக்கு அப்பால மீன்கொத்தி தண்ணியில விழுந்தா எனக்குக் கேக்கும். இது கேக்கலை. ஏன்? அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

அம்மையார் அவரைவிட இருபது வயது இளையவர். மலையடிவாரத்தில், வனக்காவலர்கள் விட்டுப்போன பழைய குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்தார். அவரிடம் போனவர்கள் யாரும் உபதேசம் பெற்றதாகச் சொன்னதில்லை. போனோம், உட்கார்ந்தோம், எழுந்து வந்தோம் என்பார்கள். பிறகு மறுபடியும் போவார்கள்.

சிதம்பரநாதன் அன்று ஏழாவது முறையாக வந்திருந்தார்.

முதல் முறை வந்தபோது அவர் முதுகில் தொங்கிய மூட்டையைப் பார்த்துவிட்டு, அங்கே சமையல் பார்க்கும் மாடத்தி, மலை ஏற வந்திருக்கிறீர்களா, மலையை விலைபேச வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள். மூட்டைக்குள் தொலைநோக்கி இரண்டு, நெற்றியில் கட்டும் விளக்கு, மடக்குக் கூடாரம், தண்ணீர் வடிகட்டும் குழாய், ஒலிப்பதிவுக் கருவிகள் நான்கு. ஒன்றும் அவருடையதல்ல. காட்டுக்கும் குளத்துக்கும் போகிறவர்கள் வாங்கும் சாமான்களைச் சோதித்து, தேறும், தேறாது என்று ஒரு மாத இதழில் எழுதுவது அவருடைய வேலை. சோதித்து முடித்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்.

கூடாரம் வந்தால் மொட்டை மாடியில் விரிப்பார். மேலே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு உள்ளே தாமே படுத்துக்கிடப்பார். ஊற்றுகிறவள் அவர் மனைவி வடிவு. பத்துக் குடம் ஊற்றிய பிறகு, உள்ளே இருக்கிற ஆள் இன்னும் தேறுமா என்று கேட்பாள்.

அவர் ‘ஒழுகும்’ என்று எழுதிய கூடாரம் ஒழுகாமல் இருந்ததில்லை. இதைச் சொல்லும்போது இன்றும் அவர் முதுகு சற்று நிமிரும்.

ஆனால் அவருடைய பெயர் நிலைத்தது பறவைக் குரல் பிடிக்கும் கருவிகளில்தான். அவற்றுக்கென்று ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால், டேப் பிடித்து அளந்து, பத்து, இருபது, முப்பது அடிகளில் செங்கல் பதித்திருந்தார். கருவி மேசைமேல் இருக்கும். அவர் காதில் ஹெட்போனோடு நாற்காலியில் இருப்பார். செங்கல்லின் மேல் வடிவு நிற்பாள்.

பறவை நாளுக்கொரு விதமாகக் கூவும். அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது. வடிவின் குரல் மாறாது. அதனால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

வாசகம் அவர் எழுதிக்கொடுத்தது.

“கொக்கு ரெண்டு, குளம் ஒண்ணு.”

முடிவில் ஒரு சொல்லை வடிவு தானாகச் சேர்த்துக்கொண்டாள்.

“கேக்குதா?”

அவர் பதில் சொல்வதில்லை. சொன்னால் அந்தக் குரலும் பதிந்துவிடும். கையை மட்டும் உயர்த்துவார். அடுத்த செங்கல்லுக்குப் போகலாம் என்று பொருள்.

தீர்ப்பைக் குறிப்பேட்டில் எழுதியதும் சோதனைப் பதிவுகளை அழித்துவிடுவார். பறவைகளுக்கு இடம் வேண்டும்.

வடிவு போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் நானூறு மணி நேரப் பறவைக் குரல் இருக்கிறது. அவளுடைய குரலில் ஒரு சொல்கூட இல்லை. இதை அவர் ஐந்தாம் முறை வந்தபோது சொன்னார். அம்மையார் அன்று எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இன்று பேச்சு எங்கெங்கோ போய், கருவிகளுக்கு வந்தது. வடிவு இருந்த கடைசி வருஷம் தமக்கு நேரமே சரியில்லை என்றார் சிதம்பரநாதன். வந்த கருவி ஒவ்வொன்றும் சொத்தை. ஒன்பது கருவிகளைக் குறை எழுதித் திருப்பி அனுப்பினார். ஒரு கம்பெனி, எங்கள் சோதனையில் குறை எதுவும் தென்படவில்லை, பணிவுடன் தெரிவிக்கிறோம் என்று கடிதம் போட்டது. அவருக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொரு கம்பெனி புதிய கருவியே அனுப்பியது. அதுவும் சொத்தை.

“அதுக்கு முந்தி?” என்று கேட்டார் அம்மையார்.

“எல்லாம் நல்லா இருந்துது.”

“இப்ப?”

இப்போது முப்பதாவது அடிச் செங்கல்லின் மேல் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை வைத்துச் சோதிப்பதாகச் சொன்னார்.

“இப்ப வர்றதுல குறையே இல்லம்மா.”

கீரை உருவிய கை நின்றது.

அடுப்படியிலிருந்து மாடத்தி எட்டிப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியத்தான் வேணுமா ஐயா?”

“தெரியணும்.”

“தெரியாமலும் இருக்கலாம்.”

“இருந்து பாத்துட்டேம்மா. முடியலை.”

அம்மையார் முற்றத்துக்கு அப்பால் நின்ற புங்கமரத்தைக் காட்டினார். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு முப்பதடி தள்ளிப் போய் நிற்கச் சொன்னார். அங்கிருந்து, தமக்குக் கேட்கும்படி, அந்தக் கடைசி வருஷத்துக்குச் சற்று முன்பிருந்து வரிசையாக வாசிக்கச் சொன்னார்.

குறிப்பேடு அவரிடம் இருந்தது. அது இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. டேப்பும் இருந்தது. முப்பதடி அளந்தார். மரத்துக்கு ஓரடி முன்னால் வந்தது. அங்கே நின்றார்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள். நாள், கருவி, அடி, காற்று, தீர்ப்பு. கருவியின் பெயர்கள் அம்மையாருக்கு எதற்கு என்று நாளையும் அடியையும் தீர்ப்பையும் மட்டும் வாசித்தார்.

“தை பன்னிரண்டு. முப்பது அடி. முழு வாசகமும் தெளிவு. தேறும்.”

அம்மையார் தலையசைத்தார்.

“ஆடி மூன்று. முப்பது அடி. கடைசிச் சொல் விழவில்லை. தேறாது.”

“ஐப்பசி பத்தொன்பது. முப்பது அடி. இரண்டு தொடருக்கும் நடுவில் ஒலி அறுகிறது. கருவியின் கோளாறு. தேறாது.”

இந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. முப்பதடி என்று சொல்லி நாற்பதடி தள்ளி நிற்கவைத்துவிட்டீர்கள் என்று வடிவு அன்று குறைசொன்னாள். அவர் டேப்பை எடுத்து மறுபடியும் அளந்து காட்டினார். முப்பது. ஓர் அங்குலம் கூடவில்லை. அளந்து முடியும்வரை அவள் செங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

உரக்க வாசித்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது. பக்கத்தைத் திருப்பினார்.

“மாசி எட்டு. இருபது அடி. வாசகத்தின் அடியில் விடாத இரைச்சல். மைக்கில் மாட்டிய பஞ்சுறை காற்றைத் தடுக்கவில்லை. தேறாது.”

“அன்னைக்குக் காத்து எப்படி?” என்று கேட்டார் அம்மையார்.

சிதம்பரநாதன் விரலை ஒரு கட்டம் பின்னால் நகர்த்தினார்.

“இல்லை.”

அப்படித்தான் எழுதியிருந்தது. காற்று: இல்லை. அவருடைய கையெழுத்து.

“அடுத்தது?”

“சித்திரை இருபத்தொன்று. இருபது அடி. அதே இரைச்சல். பஞ்சுறையை மாற்றியும் நிற்கவில்லை.”

“காத்து?”

விரல் நகர்ந்தது. அவர் தலை நிமிரவில்லை.

“இல்லை.”

அடுத்த பக்கத்தில் அவர் அந்தக் கட்டத்தையே முதலில் பார்த்தார். அதற்கடுத்த பக்கத்திலும் பார்த்தார். வாசிப்பதை விட்டுவிட்டுப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். ஒரு கட்டமும் விடுபட்டிருக்கவில்லை. நாள் தவறவில்லை, அடி தவறவில்லை. ஓரிடத்தில், ‘நீர் கொதிப்பதுபோல்’ என்று இரைச்சலின் தன்மையைக்கூட எழுதியிருந்தார். அதன்கீழ் ஒரு கோடு போட்டிருந்தார், கம்பெனிக்குத் தெரியட்டும் என்று.

எத்தனை நாளா இப்படி என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் இந்தக் குறிப்பேட்டில் இருந்தது. நாள்வாரியாக இருந்தது.

அம்மையார் இருந்த இடத்திலிருந்து கேட்டார்.

“அவங்க நின்ன கடைசி நாள்ல என்ன எழுதியிருக்கு ஐயா?”

வடிவு செங்கல்லில் நின்ற கடைசி நாளின் பக்கத்துக்குப் போனார்.

“ஆவணி ஆறு. பத்து அடி.” நிறுத்தினார். “கடைசிச் சொல் விழவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னேன்.” இன்னும் இரண்டு சொற்கள் இருந்தன. “மூன்று முறை.”

புங்கமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“அந்தக் கடைசிச் சொல் என்ன?”

சிதம்பரநாதன் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. முப்பதடிக்கு இப்பால் ஒன்றும் வந்து சேரவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாவது முறை குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இருந்த மூச்சை எல்லாம் கூட்டிச் சொன்னார்.

“கேக்குதா?”

அம்மையார் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார் என்று இதை முடிப்பவர்கள் உண்டு. மாடத்தி அப்படிச் சொல்வதில்லை. அன்று அடுப்படி வாசலில் நின்று பார்த்தவள் அவள்.

அம்மையார் கீரைத்தட்டைக் கீழே வைத்தார். எழுந்தார். முற்றத்தைத் தாண்டி, முப்பதடியையும் நடந்து போய், அவருக்கு எதிரே நின்றார்.

“கேட்டுது.”