குருவம்மாளின் வண்டிச் சத்தம்

"வண்டி ஓடுது. ஆனா இது அவ சத்தம் இல்ல," என்றார் அருணகிரி.

பிலோமினா இன்ஜினை அணைத்தாள். எண்ணெய்த் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ?"

"என் வீட்டுக்காரி. குருவம்மா."

செண்பகனூரில் பிலோமினாவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. மலையில் பழைய குட்டி டிராக்டர் வைத்திருக்கிற எல்லோரும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்தில் பங்களாத் தோட்டங்களில் புல் வெட்டவும் மண் கிளறவும் கப்பலில் வந்து இறங்கிய வண்டிகள் அவை. பங்களாக்காரர்கள் போய்விட்டார்கள். வண்டிகள் தங்கிவிட்டன.

அதில் ஒன்றைக் குருவம்மாள் வில்பட்டிக்கு ஓட்டிவந்து, பேரிக்காய்த் தோட்டத்துக்கு வைத்துக்கொண்டாள். அவள் இறந்த பிறகு அது கோணிச் சாக்குக்கு அடியில் கிடந்தது.

இப்போது பிலோமினா அதைச் சரிசெய்திருந்தாள்.

"அவ சத்தம் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

அருணகிரி கண்ணை மூடிக்கொண்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதை வைத்தே பிழைத்தவர்.

"டப்... ச்சிக். டப்... ச்சிக்."

"அது நோய்."

"இருக்கட்டும். எங்க வீட்டுப் பக்கத்து வளைவுல திரும்பும்போது வீட்டுக்குள்ள எனக்குக் கேக்கும். அவ வந்துட்டான்னு தெரியும். போட்டோவுல எல்லாம் விறைப்பா நிக்கிறாம்மா. எனக்கு அவளுதுன்னு மிச்சம் இருக்கிறது அந்தச் சத்தந்தான். அதுவும் இப்பக் கொஞ்சம் கொஞ்சமா மறக்குது."

பிலோமினா உள்ளே போய் ஒரு பழைய பெயின்ட் டப்பாவோடு வந்தாள். அவர் கையில் கவிழ்த்தாள்.

ஒரு கொண்டை ஊசி. ஒரு சின்ன ஸ்பிரிங். புடவைக் கரைத் துண்டு ஒன்று. கத்தரித்த தகரம் ஒன்று. அதில் அச்சடித்த பாதிக் கிளி.

"உங்க வண்டியில இருந்து கழட்டினது. அந்தக்கா எங்கிட்ட ஒரு நாளும் வந்ததில்ல. எல்லாத்தையும் வீட்லயே பாத்திருக்காங்க."

"இதுல எது அந்தச் சத்தம்?"

"தெரியாது."

"அப்ப எல்லாத்தையும் பழையபடி மாட்டிக் குடுங்க."

"நோயைத் திருப்பி ஒட்டுற வேலை எனக்கு வராது. வண்டியை வீட்டுக்குக் கொண்டு போங்க. நீங்க மாட்டுங்க."

"எங்க மாட்டணும்?"

பிலோமினா அடுத்த வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள்.

*

மறுவாரம் அருணகிரி பஸ் பிடித்து வந்தார்.

"ஸ்டார்ட் ஆகல."

"என்ன செஞ்சீங்க?"

"நாலையும் மாட்டினேன்."

"எங்க?"

"எடம் இருந்த எடத்துல."

பிலோமினா எழுந்து வந்தாள். அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவருடைய பின்னந்தலையில் மாட்டிவிட்டாள்.

"இங்கயும் எடம் இருக்குல்ல?"

அருணகிரி கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன செய்யட்டும்?"

"எல்லாத்தையும் கழட்டிட்டுப் பழைய ஆயிலை இறக்குங்க."

"அதுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"ஆயிலை இறக்குங்க."

இறக்கினார். சூடாக இறக்கினால்தான் முழுக்க இறங்கும் என்று தெரிந்தது. விரல் சுட்டபோது எவ்வளவு சூடு என்றும் தெரிந்தது.

அடுத்த முறை கேள்வியோடு வந்தார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டச் சொன்னாள். அதற்கடுத்த முறை, ஏர் ஃபில்டரைக் கழுவச் சொன்னாள். எப்போது போனாலும் ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் பிளக்கைக் கழற்றப் போனவர் பிளக்குக்குப் பக்கத்தில் இருப்பதையும் பார்த்தார். ஃபில்டரைக் கழற்றப் போனவர் அதற்குப் பின்னால் ஓடும் கம்பிகளையும் பார்த்தார்.

ஒரு கம்பியின் நுனியில் சின்னத் துளை இருந்தது. பிலோமினா போட்ட புதுப் பின் அதில் நின்றது. அதைப் பிடுங்கிவிட்டுக் கொண்டை ஊசியைச் செருகினார். அளவெடுத்ததுபோலப் போய் உட்கார்ந்தது.

அருணகிரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முன்பு ஒரு நாள் குருவம்மாள் முடி அவிழ்ந்து பறக்க வீட்டுக்கு வந்தாள். என்னடி இது கோலம் என்று கேட்டார். ஊசி விழுந்திருச்சு என்றாள். எங்கே விழுந்தது என்று சொல்லவில்லை.

வண்டியைக் கிளப்பினார். அந்தச் சத்தம் வரவில்லை.

*

"ஸ்பிரிங் எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்," என்றார் அடுத்த முறை.

"எங்க?"

"வேகத்தைப் புடிச்சு நிறுத்துற எடத்துல. அது எங்க வீட்டுத் தையல் மிசின் ஸ்பிரிங்கும்மா. ஒரு தீபாவளிக்கு மிசின் தைக்கவே மாட்டேன்னு நின்னுச்சு. தலையில தூக்கிட்டு டவுனுக்குப் போனேன். ஸ்பிரிங்கைக் காணோம்னு கடைக்காரர் சொன்னார். நான் அவரையே சந்தேகப்பட்டேன்."

பிலோமினா சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அன்றுதான்.

"சத்தம் வந்துச்சா?"

"வரல. இன்ஜின் ஏறி ஏறி இறங்குது. மேமூச்சு வாங்குற மாதிரி."

"என்ன செஞ்சீங்க?"

"கழட்டிட்டு, நீங்க போட்டதையே போட்டேன். இதை வச்சு ஓட்டினா மேட்டுல நின்னுரும்."

சொன்ன பிறகுதான், சத்தத்தை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பார்த்திருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது.

புடவைக் கரையை அவர் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டீரிங் தண்டு ஆடுகிற இடத்தில் அதன் சாயம் ஒட்டியிருந்தது. நீலச் சுங்குடி. அந்தப் புடவையை அவள் எப்போது கிழித்தாள் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. சுற்றிக் கட்டினார். ஸ்டீரிங்கின் ஆட்டம் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

மழைக்காலம் போயிற்று. பேரி மரங்கள் வெள்ளையாகப் பூத்தன.

பழம் இறங்கும்போது அருணகிரியே வண்டியைத் தோட்டத்துக்கு ஓட்டிப் போனார். அவள் இருந்தவரை ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. ஒரே ஒரு சீட்தான். அதில் அவள் உட்கார்ந்திருப்பாள். இறக்கத்தில் கியரை மாற்றக் கூடாது என்பதையும், ஈர மண்ணில் சக்கரம் சுற்றினால் காலை எடுத்துவிட வேண்டும் என்பதையும் வண்டியே சொல்லிக்கொடுத்தது. தோட்டத்தின் மேல் மூலையில் நின்றால் வீட்டின் கூரை தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

*

"தகரத்தோட எடம் தெரிஞ்சிருச்சு," என்றார் ஒரு நாள். கொட்டகைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"எங்க?"

"சைலன்சர் ஜாயின்ட். புகை கசியாம அடைக்கிற கேஸ்கட்டுக்குப் பதிலா பிஸ்கட் டப்பாவை வெட்டி வச்சிருக்கா."

"மாட்டுனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"இதுதான் கடைசி. இதுலயும் வரலேன்னா?"

பிலோமினா துணியை ஆணியில் மாட்டினாள்.

"நான் வர்றேன்."

*

வில்பட்டியில் வெயில் அடித்தது. வீட்டு முற்றத்தில் வண்டி நின்றது.

அருணகிரி போல்ட்டுகளைக் கழற்றினார். பிலோமினா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தாள். உதவவில்லை. அவசியமும் இருக்கவில்லை. அவர் நல்ல கேஸ்கட்டை வெளியே எடுத்தார். தகரத்தை வைத்தார். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கயிற்றை இழுத்தார். இன்ஜின் இருமியது. இன்னொரு முறை இழுத்தார்.

டப்... ச்சிக். டப்... ச்சிக். டப்... ச்சிக்.

அதுதான். அச்சு அசல் அதுவேதான்.

இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எத்தனையோ நாள் நினைத்து வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வளைவில் அவள் திரும்புவாள்.

கண்ணை மூடினார்.

ஆனால் வலது கை சும்மா இருக்கவில்லை. தானாக நீண்டது. ஜாயின்ட்டுக்குச் சற்று மேலே நின்று, உள்ளங்கையால் எதையோ தேடியது. ஜாயின்ட்டிலிருந்து கசிந்த சூடான காற்று விட்டுவிட்டு அதில் மோதியது.

அருணகிரி கண்ணைத் திறந்தார்.

"கேட்டுச்சா?" என்றாள் பிலோமினா.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அவங்கதானா?"

"போங்கம்மா." அவர் பிலோமினாவின் பக்கம் திரும்பினார். "கெடுத்துட்டீங்க. எதுக்காக இம்புட்டையும் கத்துக்கிட்டேன்? இப்ப எனக்கு அவ கேக்கல. ஜாயின்ட்தான் கேக்குது."

"எங்க நின்னு கேக்குறீங்க?"

"இங்கதான். வண்டிக்குப் பக்கத்துல."

"அப்ப எங்க இருந்து கேட்டீங்க?"

"வீட்டுக்குள்ள இருந்து."

"அவங்க எங்க இருந்து?"

அருணகிரி காலியாக அதிர்ந்துகொண்டிருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு ஏறி உட்கார்ந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, வெறுமனே கேட்டார்.

"ஊதுது," என்றார் மெல்ல.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அவர் முகம் மாறியது.

"என்ன?" என்றாள் பிலோமினா.

"இதைத்தான் சொல்லுவா. உள்ள வரும்போதே சொல்லிட்டு வருவா. இன்னைக்கும் ஊதுதுங்க. இன்னைக்கும் ஊதுதுங்க. வருசக்கணக்கா சொன்னா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"அவ ஜாயின்ட்டைச் சொல்லியிருக்கா. நான் காத்தைச் சொல்றான்னு நெனச்சேன். மலையில எந்நேரமும் காத்துதானே?" அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ஆமா, இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்னு சொல்லுவேன். அவ ஒரு நிமிசம் நின்னு என்னையப் பாப்பா. அப்புறம் கை கழுவப் போயிருவா."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பிலோமினா கல்லிலிருந்து எழுந்தாள். கீழே கிடந்த ஸ்பேனரையும் நல்ல கேஸ்கட்டையும் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப பதில் சொல்லுங்க."