மூணு தலைமுறைக் கோணல்

நாஞ் சொல்றதுல பாதி பொய்யின்னு வெள்ளிங்கிரி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானுங்க. அவனை நம்பாதீங்க. முக்காவாசிங்க.

வெள்ளிங்கிரி ஆருன்னா, கணபதிங்கற ஊருல நம்ம பட்டறையில பக்கத்து லேத்து ஓட்டறவன். வருசம் பூரா சளி. 'ம'ன்னு சொல்லோணும்னா 'ப'ன்னுதான் வரும், 'ன'ன்னா 'ட'ன்னு வரும். அவன் பேசறதை அப்படியே பேசிக் காட்டறேன், கேளுங்க.

போன செவ்வாக்கெழம சுகந்தாமணி அம்மிணி பட்டறைக்கு வந்தாங்க. கார் ரேஸ் ஓட்டற அம்மிணி. வண்டியில இருக்கறது ரோட்டரி எஞ்சினு. பிஸ்டன் மேல கீழ போற சோலியே அதுல கெடையாதுங்க. வவுறு உப்புன சமோசாவாட்ட மூணு மூலை ரோட்டரு, கூட்டுக்குள்ள ஆட்டாங்கல்லாட்டம் சுத்தும். அந்தச் சுத்தை வாங்கி வெளிய குடுக்கறதுதான் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டு. நேரா வந்த தண்டு, ரெண்டு எடத்துல மட்டும் சென்டர் தப்பி, ஒரு பக்கமாக் கோணலா ஒதுங்கி முண்டாட்ட நிக்கும். எக்சென்ட்ரிக்குன்னா இங்கிலீசுல கிறுக்குன்னு அர்த்தமாமுங்க.

"அப்ப உடக்குப் பங்காளிடா"ன்னான் வெள்ளிங்கிரி.

அம்மிணி மேசை மேல மூணு ஷாஃப்ட்டு வெச்சாங்க, பக்கத்துல ரோட்டரை வெச்சாங்க. "மூணும் மூணு தலைமுறை எஞ்சினோடதுங்ணா. வேற ஒரு எடத்துல தப்பான ஷாஃப்ட்டை அடிச்சு எறக்கப் பாத்து பேரிங்கை நாசம் பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கெழம ரேசு. என்ற ரோட்டருக்கு எது சேரும்? சரியாச் சொன்னா எஞ்சினு வேலை உங்களுக்கு. தப்பாச் சொன்னா எஞ்சினை மெட்ராசுக்கு லாரி ஏத்திருவேன்."

உள்ளதைச் சொல்றேனுங்க. அதுவரைக்கும் ரோட்டரி எஞ்சினை நான் தொட்டதே இல்லை. ஆனா அதைத் தொடாம உட்டா, ஆயுசுக்கும் எனக்குச் சோறு எறங்காது. அதனால வாயைத் தொறந்தேன்.

"அம்மிணி, இந்த ஒடிசலா இருக்கறது தாத்தன். தாத்தனுக்குக் கோணல் கம்மி, ஒரு விரக்கடை. இதே மாதிரி ஒண்ணை எங்க ஊட்டு கிரைண்டர்ல மாட்டுனேன். அரிசியைப் போட்டு சுவிச்சைத் தட்டுனதுதான். சுத்தற சூட்டுல மாவு அங்கயே புளிச்சு, அங்கயே வெந்து, இட்லியா வெளிய எகிறுது! பக்கத்து ஊட்டு சன்னலுக்குள்ள பன்னெண்டு போச்சு. தட்டுல எடுத்து வெச்சாப்புல உக்காந்துச்சுங்க."

"சட்டிடி?"ன்னான் வெள்ளிங்கிரி.

"அதுக்குத் தனி சுவிச்சுடா!"

வாய் பாட்டுக்குப் பேசிட்டிருக்க, கை ரோட்டரை எடுத்து தாத்தன் முண்டுல சொருகிப் பாத்துச்சு. ரோட்டரு ரெண்டு பக்கமும் வெளிய துருத்துது. கம்முனு கழட்டிட்டேன்.

"நடுவுல இருக்கறது அப்பன். அப்பனுக்குக் கோணல் ஒரு சாண். அதை அன்னூர்ல ஒரு காஞ்ச போர்வெல் மோட்டார்ல சேத்தேன். ப்ராப்... ப்ராப்... ப்ராப்... மொதல்ல தண்ணி வந்துச்சு. பொறவு உப்புத்தண்ணி. பொறவு மத்தி மீனு, துள்ளத் துடிக்க. கடைசில ஒரு வாளி, வாளியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு பாலக்காட்டுச் சேட்டன் ஒருத்தர். 'எந்தா இது, ஞான் வெள்ளம் கோரான் வந்நதல்லே'ங்கறாரு. அவரூர்க் கெணத்துல தண்ணி எறைக்க வந்தவராம். டீ வாங்கிக் குடுத்து, தலையைத் தொவட்டி உட்டு, பஸ் ஏத்தி அனுப்புனேன்."

அப்பனும் சேரலைங்க. ரோட்டரு கொஞ்சமாத் துருத்துது. அம்மிணி சிரிக்கலை. போனை எடுத்து லாரிக்காரன் நம்பரைத் தேடறாங்க.

"இருங்கம்மிணி, பேரனை இன்னும் சொல்லலையே! பேரனுக்குக் கோணல் ஒரு முழம். ரோட்டரு ஒரு சுத்து சுத்துனா ஷாஃப்ட்டு மூணு சுத்து சுத்தும்." அது மட்டும் நெசமுங்க, செல்போன்ல பாத்தது. "அதை என்ற பழைய வேன்ல மாட்டி, அவினாசி போய்ட்டு ஊட்டுக்கு வந்தேன். நான் ஒருக்கா வந்தா, மூணு தரம் வந்து சேர்றேன்! மொத நான் செருப்பைக் கழட்டறேன். ரெண்டாவது நான் கேட்டைத் தொறக்கறேன். மூணாவது நான் இன்னும் சந்து முக்குல ஹாரன் அடிக்கறேன். ஊட்டுக்காரி வெளிய வந்து எண்ணிப் பாத்தா. 'ஒண்ணையே சமாளிக்க முடியல. மத்த ரெண்டையும் வெள்ளிங்கிரி ஊட்டுல உட்டுட்டு வா'ன்னுட்டா."

"எட்ற ஊட்டுக்கு ஒருத்தடும் வரலையே?"

"நீ கதவைத் தொறந்தாத்தான வருவோம்!"

அம்மிணி என்ற வெர்னியரை எடுத்தாங்க. மூணு ஷாஃப்ட்டையும் ஒண்ணொண்ணா அளந்து, மனசுல கணக்குப் போட்டாங்க.

"ஏனுங்ணா, விரக்கடை, சாண், முழம்னீங்க. மூணுக்கும் கோணல் ஒண்ணேதான். தாத்தனுக்கும் பதினஞ்சு மில்லி, அப்பனுக்கும் பதினஞ்சு, பேரனுக்கும் பதினஞ்சு. மாறுனது முண்டோட அகலம் மட்டுந்தான். அறுவது, எழுவது, எம்பது."

பட்டறையில லேத்தெல்லாம் நின்னு போச்சு. நானா நிப்பேன்?

"முழமாத்தானுங்க இருந்துச்சு. நீங்க வெர்னியரை எடுத்ததும் பயந்து சுருங்கிருச்சு!"

அம்மிணி என்ற மூஞ்சியைப் பாக்கலை, கையைப் பாத்தாங்க. நானும் அப்பத்தான் பாத்தேன். பேசுன வேகத்துல கை, அம்மிணி அளந்து வெச்ச பேரன் முண்டுல ரோட்டரை ஏத்தி வெச்சிருக்குதுங்க. இந்தப் பக்கமும் துருத்தலை, அந்தப் பக்கமும் துருத்தலை. அச்சுல ஊத்துனாப்புல உக்காந்திருக்குது.

"வாய் சொன்னது பூராப் பொய்யிங்ணா. கை புடிச்சது சரியான ஷாஃப்ட்டு."

"அப்ப எஞ்சினு எனக்குங்களா?"

"உங்களுக்குத்தான். ஆனா ஒரு கண்டிசன். ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது."

சரீன்னு சொல்றதுக்கும் வாயைத் தொறக்கோணுமேன்னு நான் முழிச்சுட்டு நிக்கறேன், வெள்ளிங்கிரி மூக்கைத் தொடைச்சுக்கிட்டு சொல்றான்:

"அதுக்கு பெட்ராசுக்கே ஏத்திருங்க, அப்பிணி."