முதல் வரியில் இருந்த பெயர்

"அந்த சர்வரை மட்டும் அப்டேட் பண்ணச் சொல்லாதீங்க டீச்சர்," என்றார் தவசிமுத்து.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் கோமதிக்கு இருபத்தேழு.

"ஏன் அண்ணாச்சி? பத்து வருஷத்து மிஷினு, தாங்காதுன்னு பயமா?"

"பயந்தான்."

"பொய். எனக்குத் தெரியாம பிரிண்டரையே கழட்டிப் போட்டவரு நீங்க."

அவர் சிரிக்கவில்லை.

அந்த சர்வரில் இருப்பது ஒரே ஒரு வெப்சைட். அபூர்வ வகை ரத்தம் கொடுக்கிறவர்களின் பேரும் போன் நம்பரும் அதில் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டவள் அவர் மனைவி சண்முகக்கனி. அவள் போய்ச் சேர்ந்து பதினாலு மாதம். அதற்கப்புறம் அதில் எந்த சாப்ட்வேரையும் யாரும் புதுசாக்கவில்லை.

"எல்லாம் ஓட்டையாக் கெடக்கு. நேத்து எவனோ உள்ள பூந்து பாதி நம்பரை அழிச்சிட்டான். ஒரு அம்மா, பிள்ளையை ஆஸ்பத்திரியில வச்சுக்கிட்டு இங்க போன் போட்டு அழுதா. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் சர்வரைத் திறந்து காட்டினார். முதல் வரியில் இருந்தது:

கடைசியாக வேலை பார்த்தவர், சண்முகக்கனி.

"எந்திரிச்சதும் இதைத்தான் பார்ப்பேன். நான் அப்டேட் போட்டா இங்க என் பேரு வந்துரும். அவ பேரு போயிரும்."

கோமதி பழைய பதிவுகளைத் திறந்து வைத்தாள்.

"பின்னால போங்க. அக்கா பேரு முதன்முதல்ல வந்த இடம் வரைக்கும்."

அவர் போனார். வெள்ளிக்கு வெள்ளி சண்முகக்கனி. சண்முகக்கனி. ஆறு வருஷமும் சண்முகக்கனி.

அதற்கும் முந்தி வேறொரு பெயர். சிவனணைந்தான்.

"இது யாரு?"

"அவ தம்பி. இதை ஆரம்பிச்சதே அவன்தான். பைக்குல போகையில லாரி..."

கோமதி கேட்டாள்.

"அக்கா முதல்ல போட்டது என்னிக்கு?"

அவர் விரலால் தேதியைத் தொட்டார். விரல் அங்கேயே நின்றது.

"அவனை எரிச்ச மறுநா. சுடுகாட்டுல பால் தெளிச்சிட்டு வந்து பார்க்கேன், குளிச்ச தலையைக்கூடத் துவட்டாம இது முன்னால உட்கார்ந்திருக்கா. சாவு வீட்டுல என்னட்டி கம்ப்யூட்டருன்னு ஏசினேன்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. அழுதுக்கிட்டே தட்டினா."

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர். முதல்ல என்ன தட்டணும்?"