பெயரை மட்டும் பார்த்தவள்

திண்டுக்கல்லில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு பழைய வாசகசாலை. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போடுவார்கள். பாட்டும் சண்டையும் தேடி வருகிறவர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிற பத்துப் பதினைந்து பேர்தான் அந்தத் திரைப்பட வட்டம். நடத்துகிறவர் இலியாஸ். நாற்பதைத் தாண்டாதவர். சென்னையில் எடிட்டிங் வேலை பார்த்துவிட்டு, தாயாருக்கு முடியாமல் போனதும் ஊரோடு வந்துவிட்டார். அவரைவிட மூத்தவர்களும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

லூர்தம்மாளும் அப்படித்தான் கூப்பிட்டாள். அவளுக்கு அறுபத்திரண்டு. மாதா கோயிலில் பூசை முடிந்து, வீட்டில் எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டின சேலையைக்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறி வருவாள். போன வருசம் வரைக்கும் அவளுக்கு சினிமா என்றால் பண்டிகைக்கு டிவியில் போடுவதுதான். இப்போது ஒரு ஞாயிறு தவறுவதில்லை.

“வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையாம்மா?” என்று கேட்டார் சிவசாமி. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வட்டத்தில் யார் வாயைக் கிளறலாம் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

“சொல்லாமயா? மருமக கேக்குறா, ‘அத்தை, இப்பக் கிளம்புறது கோயிலுக்கா, சினிமாவுக்கா’ன்னு. ரெண்டு எடத்துலயும் வாயை மூடி உக்காந்து அழுதுட்டுத்தான் வர்றேன், எதுக்குப் போனா உனக்கென்னன்னேன்.”

நடிகர்கள் யார் என்று அவள் கேட்டதே இல்லை. விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி, “இதை எடுத்த டைரக்டர் யாரு சார்?” என்பதுதான். பெயரைக் கேட்டுக்கொள்வாள். வாய்க்குள் நாலு தரம் உருட்டிப் பார்ப்பாள். வங்காளத்துக்காரர், மலையாளத்துக்காரர், வாயில் நுழையாத வெள்ளைக்காரர்கள், ஜப்பான்காரர்கள். ஒரு நாள் அத்தனை பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

இலியாஸ் சிரித்தார்.

“கோயில்ல புனிதர்களுக்குச் சொல்ற மாதிரி ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’னு சேத்துரலாம் போல இருக்கும்மா.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் ஃபாதர் ஸ்கூல்ல படிச்சவன்.”

“கேலி வேண்டாம் சார். நான் நெசமாத்தான் கேக்குறேன். ஒரு டைரக்டரைத் தெரிஞ்சுக்கிறது எப்படி?”

இலியாஸ் ஒயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு படம் தொடங்கியதும் அவர் எழுந்து போய் புரொஜெக்டருக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தார். இசை மட்டும் வந்தது. திரையில் அவருடைய கை நிழல்தான்.

“சார், கை!” என்றார் ஒருவர்.

“கரன்ட்டு போகலை, சார்தான் போயிட்டாரு” என்றார் சிவசாமி.

“பேரு வருமே சார், கையை எடுங்க!” லூர்தம்மாள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அவர் கையை எடுத்தார்.

படம் முடிகிற வரைக்கும் அவளுக்கு மனசு ஆறவில்லை. விளக்கு வந்ததும் நேராய் அவரிடம் போனாள்.

“ஒரு மனுசன் உசுரைக் கொடுத்து எடுத்துருக்கான். அவன் பேரை மறைக்கலாமா? பாவமில்லையா சார்?”

“பேரைப் பார்த்ததும் எந்திரிச்சுப் போயிடுறவங்க இருக்காங்கம்மா” என்றார் இலியாஸ். பொதுவாகத்தான் சொன்னார். அவளுடைய கதை அவருக்குத் தெரியாது.

லூர்தம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. சந்தியாகு. படிப்பு முடிந்த கையோடு சென்னைக்கு ஓடினவன். அவர் இவர் என்று பல பேரிடம் உதவியாளனாய் அலைந்து, தலை நரைக்கத் தொடங்கின பிறகு ஒரே ஒரு படம் எடுத்தான். அது வெளியான அன்றைக்கு வீட்டில் திருவிழாதான். வேன் பிடித்து, கைக்குழந்தை முதல் பெரிய மாமா வரைக்கும் சொந்தபந்தம் மொத்தமும் தியேட்டருக்குப் போனது. வழியெல்லாம் லூர்தம்மாள் செபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள்.

நம்மூர்ப் படத்தில், தொடக்கத்தில் ஓடுகிற பெயர்களில் எடுத்தவன் பெயர் கடைசியில்தான் வரும். அதற்காகவே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ‘எழுத்து, இயக்கம்: சந்தியாகு’ என்று திரை நிறைய வந்தது. காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். பெரிய மாமா வேட்டியை மடித்துக் கட்டி நாற்காலிமேல் ஏறி விசில் அடித்தார். லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அதற்குப் பிறகு திரையில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், ஒருவருக்கும் தெரியாது. முறுக்குப் பொட்டலம் பிரிந்தது. அந்தப் பெயரைப் பற்றியே பேசினார்கள். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாய்ப் போட்டிருக்கலாம் என்றாள் சித்தி. இடைவேளையில் லூர்தம்மாளின் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தார், ஆறிப்போகும். “படம் எங்க ஓடிப்போகுது? இன்னொரு நாளைக்கு வந்து நிம்மதியாப் பாத்துக்கலாம்.”

சந்தியாகு தியேட்டர் வாசலில் நின்றிருந்தான். எல்லோரும் வேனில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே அவளிடம் வந்தான்.

“எப்படி இருந்துச்சுக்கா?”

“உன் பேரு எவ்வளவு பெருசா வந்துச்சுடா! கண்ணு நெறஞ்சு போச்சு” என்று அவன் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு துக்க வீடு. அடுத்த நாள் ஞானஸ்நான விருந்து. திங்கட்கிழமை போனபோது தியேட்டரில் வேறு போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

அவனுக்கு இன்னொரு படம் யாரும் கொடுக்கவில்லை. கல்யாணமும் இல்லை. பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பின்பக்கத்து அறையில் பல வருசம் இருந்தான். அவள் குறை வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, காய்ச்சலுக்குக் கஞ்சி, பிறந்த நாளுக்குப் பூசை. படத்தைப் பற்றி மட்டும் பேச்செடுக்க மாட்டாள். எடுத்தால் அவன் மனசு நோகும் என்று நினைத்தாள். அவனும் எடுக்கவில்லை. போன வருசம் தவக்காலத்தில் ஒரு விடியற்காலை அவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு சென்னையில் இருந்து ஒருவர் வந்திருந்தார். அந்தப் படத்தில் அவனுக்கு உதவியாய் வேலை செய்தவராம். லூர்தம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “படத்தோட பின்பாதியில வர்ற அக்கா நீங்கதானம்மா? உங்களைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு” என்று அழுதார்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். என்ன செய்வாள்? இத்தனை பேர் நடுவில், கூடப்பிறந்தவன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றா சொல்வாள்? எண்ணெய் விளக்கைத் தூண்டிவிட்டுத் திரும்பினபோது அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பெயரோ போன் நம்பரோ யாரும் வாங்கி வைக்கவில்லை.

அந்தத் தலையாட்டலை அவள் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். சாமியார் மன்னித்தார். ஆனால் பின்பாதியில் அந்த அக்கா என்ன செய்தாள் என்று சாமியாருக்கும் தெரியாதே.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்தவள், இனி வரமாட்டாள் என்றுதான் சிவசாமி நினைத்தார். அடுத்த ஞாயிறு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பெயர் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

இலியாஸ் ஒவ்வொரு வாரமும் கையை வைத்துப் பெயர்களை மறைத்தார். படம் முடிந்ததும், “இன்னைக்கு எது மனசுல நிக்குது?” என்று மட்டும் கேட்டார்.

முதலில் அவள் கதையைச் சொல்வாள். இவன் அவளைக் கட்டினான், அவன் செத்துப் போனான் என்று. இலியாஸ் கேட்டுக்கொள்வார். போகப் போக அவள் பேச்சு மாறியது.

“அந்தப் பொம்பளை பால் பொங்குறதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறா சார். வேற ஒண்ணுமே நடக்கலை. ஆனா அங்க இருந்து நகரவே மாட்டேங்குறாரு.”

“யாரு நகர மாட்டேங்குறாரு?”

“எடுத்தவருதான்.”

இலியாஸ் அவளுக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு ஞாயிறு, படம் தொடங்கி கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். திரையில் ஒரு வயசான ஆள், மகன் இறந்த சேதி கேட்டு உடைந்து போகிறார். கேமரா அவரை விட்டு மெதுவாய்த் திரும்பி, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தது.

“ஏ, இது அவருதானே!” லூர்தம்மாள் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

“எவரு?” என்றார் சிவசாமி.

“ஆடி மாசம் ஒரு படம் பாத்தோமே, அந்தப் படக்காரரு. யாராச்சும் அழுதா அவரால பாக்க முடியாது. கூச்சம். அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு.”

இலியாஸ் படத்தை நிறுத்தினார். அவர்தான் என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். “எனக்கு இன்னும் ஹீரோ யாருன்னே பிடிபடலை, இவங்க ஆளையே பிடிச்சுட்டாங்களே” என்று சிவசாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. படம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நாற்காலியிலேயே இருந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

“என்னம்மா?”

அப்போதுதான் அவள் சொன்னாள். வேன், விசில், பிரியாணி, தலையாட்டல், எல்லாவற்றையும்.

“அந்தப் படத்தை எங்கயாச்சும் தேடிக் கொடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் தேடினார். இரண்டு மாதம் சென்னைக்குப் போன் மேல் போன் போட்டார். படத்தைத் தயாரித்தவர் உயிரோடு இல்லை. பிரின்ட் இருந்த லேப் மூடிக் கிடந்தது; சாமான்களை எல்லாம் எப்போதோ அள்ளிக் கொட்டிவிட்டார்களாம். சிடியாகவும் வரவில்லை. சந்தியாகுவிடம் வேலை செய்த அந்த மனிதரும் கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவளை வரச்சொல்லி, “கிடைக்கலைம்மா” என்றார்.

அவள் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தெந்த ஊர்க்காரனையோ தெரியுது சார். செருப்பைப் பாத்ததும் ஆளைச் சொல்லத் தெரியுது. என்கூட ஒரு வயித்துல பொறந்தவனை எனக்குத் தெரியலை. அவனைத் தெரிஞ்சுக்க இருந்தது அந்த ஒரு படம். அதுவும் போச்சு.”

“உங்க வீட்டுல இருந்தப்ப அவரு என்ன பார்ப்பாரும்மா?”

“டிவியா? அந்தப் பக்கமே வரமாட்டான்.”

“டிவி இல்லை. நாள் பூரா எதைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு?”

“எதைப் பாத்தான்... ரூம்ல ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக்குவான். சாப்பிடக் கூப்பிட்டாத்தான் எந்திரிப்பான். ‘என்னடா அப்படியே உக்காந்திருக்க, முதுகு வலிக்காதா’ம்பேன். சிரிப்பான்.”

“ஜன்னல்ல என்ன தெரியும்?”

“பக்கத்து வீட்டு மொட்டை மாடி.”

“அது நின்னு பார்த்தா. நாற்காலியில உக்காந்தா?”

லூர்தம்மாள் வாயைத் திறந்தாள். தினமும் கூட்டிப் பெருக்கின அறை. அந்த நாற்காலியைத் தூக்கித் தூக்கி வைத்துத்தான் தரையைத் துடைத்திருக்கிறாள். ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

“தெரியலையே சார்” என்றாள்.

“இன்னைக்குப் போய்ப் பாருங்க.”

“அவன் போன பெறகு அந்த ரூமுக்குள்ள பீரோவைக் கொண்டாந்து போட்டுட்டோம். வேற எடம் இல்லை. ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்குது. இனி உக்காந்து என்ன சார் ஆகப்போவுது? அவனே இல்லையே” என்றாள்.

“இத்தனை படம் பார்த்தோம். எதுலயாவது எடுத்தவர் வந்து உங்க பக்கத்துல உக்காந்திருந்தாராம்மா?”

கீழே சிவசாமி யாரையோ கிண்டல் செய்துகொண்டே படியேறி வருகிற சத்தம் கேட்டது.

“நாற்காலி இன்னும் இருக்கா?” என்று கேட்டார் இலியாஸ்.

“இருக்கு சார்.”

“அப்ப இன்னைக்குப் படம் வேண்டாம். வீட்டுக்குப் போய் பீரோவை நகர்த்துங்கம்மா.”