முத்திரையிட்ட சேகண்டி

"ஏனுங்க, கோர்ட்டுல சத்தத்துக்கெல்லாம் பட்டா போட்டுக் குடுக்கறாங்களாமா?"

சாயங்காலம் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டு வாசலில் ஓர் ஆட்டோக்காரர் இன்னொருவரிடம் கேட்டார்.

"எந்தச் சத்தத்துக்கு?"

"நம்ம பொழுது அம்மா சேகண்டிக்குத்தான். எவனோ மெட்ராஸ்காரன் எழுதி வாங்கிட்டானாம். காத்தால ஆபீசர் வந்து சேகண்டியை மூட்டை கட்டி அரக்கு வெச்சுட்டுப் போயிட்டாரு."

"அப்ப என்ற ஆட்டோ சத்தத்துக்கும் ஒரு பட்டா வாங்கோணும்."

"உன்ற ஆட்டோ சத்தத்துக்கு அபராதந்தான் குடுப்பாங்க."

அந்த மெட்ராஸ்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெயர் தாமோதரன். சொந்த ஊர் இதேதான். ஆட்டோவுக்குக் கை காட்டப் போனவர், கையை இறக்கிக்கொண்டு நடந்தார்.

ராத்திரி ரயிலில் தூங்கவில்லை; பகலெல்லாம் முத்திரைத்தாளுக்கு அலைச்சல். இரண்டு வருடமாகவே சரியான தூக்கம் இல்லை.

ஊர் பொழுது அம்மா என்று அழைக்கும் சௌந்தரம் அம்மா செய்வது ஒன்றே ஒன்றுதான். அந்தி நேரத்தில் ஒரு கூடத்தில் சும்மா உட்காருவார். வருகிறவர்களும் உட்காருவார்கள். வெண்கலச் சேகண்டி மூன்று முறை ஒலித்தால் ஆரம்பம். மறுபடி மூன்று முறை ஒலித்தால் முடிவு. அதுவரை யாரும் எழுந்திருப்பதில்லை. அடித்தவரே கடைசியில் பாய்களையும் சுருட்டி வைக்க வேண்டும்.

"பொழுதுக்குப் போறேன்" என்று ஊர் சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது.

சேகண்டியை அடிக்கும் கட்டையை முதலில் பிடித்தவர் தாமோதரன். மில்லில் சட்டப் பிரிவு வேலை முடிந்து நேரே இங்கே வந்துவிடுவார். பிறகு சென்னைக்குப் போய் அங்கே ஒரு கூடம் கட்டினார். கட்டை அவருக்குப் பின் வந்த அருள்மொழியின் கைக்குப் போனது. அவள் ஓர் அறக்கட்டளை வைத்து இந்தக் கூடத்தையும் நடத்தினாள், கோயம்புத்தூரிலும் ஒன்று திறந்தாள்.

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பெங்களூரிலிருந்து ஒரு செல்போன் ஆப் கம்பெனி வந்தது. 'பொழுது' என்ற பெயரும் வேண்டும், அந்த ஓசையும் வேண்டும், நல்ல விலை தருகிறோம் என்றது. இரண்டும் யாருடையது என்று உங்களுக்குள் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றது.

அருள்மொழி இரண்டையும் தன் அறக்கட்டளை பெயரில் டிரேட்மார்க்காகப் பதிய விண்ணப்பித்தாள். தாமோதரன் வழக்குப் போட்டார்.

இப்போது இடைக்காலத் தடை கிடைத்திருந்தது. 'பொழுது' என்ற பெயரையும் அந்த மூன்று அடியையும் அருள்மொழியோ, அவள் அறக்கட்டளையோ, அதன் கூடங்களில் வேறு யாருமோ பயன்படுத்தக் கூடாது. பாயையும் சேர்த்துத்தான் தாமோதரனின் வக்கீல் கேட்டிருந்தார். பாய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது என்று நீதிபதி அதை மட்டும் அடித்துவிட்டார்.

அம்மா உட்காரும் கூடமும் அந்த அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கிறது. வக்கீல் நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போடும்போது அது தாமோதரனுக்குத் தோன்றவே இல்லை.

கூடத்தின் பெயர்ப்பலகை மேல் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கதவில் உத்தரவின் நகல். உள்ளே, அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. அதன் கழுத்தில் சிவப்பு அரக்கு.

"வா தாமோதரா. சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கம்மா."

அம்மா அவரைவிட நான்கு வயது சின்னவர். இருந்தாலும் அம்மாதான்.

"இளைச்சுட்டியே."

"அலைச்சலுங்கம்மா. வாய்தா மேல வாய்தா. நாம போனா ஜட்ஜ் லீவு. ஜட்ஜ் வந்தா வக்கீல் வேற கோர்ட்டுல நிக்கறாரு."

மூலையில் பாய் விரித்துக்கொண்டிருந்த அருள்மொழி நிமிராமல் சொன்னாள்.

"யாரு அலையச் சொன்னா அண்ணா?"

"நீ எழுதிப் போட்டியே, உன்னை யாரு போடச் சொன்னா?"

"நான் போடலீன்னா நீங்க போட்டிருப்பீங்க."

தாமோதரன் பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.

"ஒரு கையெழுத்து வேணுங்கம்மா. பேரும் சேகண்டியும் மொதல்ல என்கிட்டத்தான் குடுத்தீங்கன்னு. நாளான்னிக்கு விசாரணை. இது இல்லாட்டி தடையை எடுத்துருவாங்க. தடை போனா கேஸ் போச்சு. கேஸ் போனா..."

வீட்டை அடமானம் வைத்துத்தான் சென்னைக் கூடத்தைக் கட்டினார் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அம்மா தாளை நிதானமாகப் படித்தார்.

"பொய் ஒண்ணும் இல்லையே இதுல?"

"இல்லீங்கம்மா. கட்டையை மொதல்ல என் கையிலதானே குடுத்தீங்க."

"ஆமா. உன் கையிலதான்."

அருள்மொழி வெளியே போய்விட்டாள்.

"போட்டுத் தரேன்" என்றார் அம்மா. "ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. பொழுது முடியட்டும். சேகண்டி அடிச்சதும் போடறேன்."

தாமோதரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் இருந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசிப் பாயில் உட்கார்ந்தார்.

வந்தவர்கள் மூட்டையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடினார். எல்லோரும் மூடினார்கள்.

தாமோதரன் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் போயிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அங்கங்கே முழங்காலைத் தேய்த்துக்கொள்ளும் சத்தம்.

"அம்மா" என்றாள் ஜெசிந்தா. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். "எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

அம்மா கண்ணைத் திறந்தார்.

"போயிட்டு வாம்மா."

"அடிக்காம எப்படிங்கம்மா எந்திரிக்கறது?"

பூக்கடை ரங்கசாமி இருமினார். "ஒரு டம்ளரைத் தட்டிப் போடலாமுங்களே."

அம்மா பக்கத்திலிருந்த தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். தட்டவில்லை. கடைசிப் பாயைப் பார்த்தார்.

"தாமோதரா, டம்ளர் உத்தரவுல வருமா?"

எத்தனையோ ஒப்பந்தம் பார்த்த மனிதர். பொய் சொல்ல வரவில்லை.

"வருங்கம்மா. 'அதை ஒத்த எந்த ஓசையும்'னு போட்டிருக்கு."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"கையைத் தட்டுனா?" என்றார் ரங்கசாமி.

"மூணு தரம் தட்டுனா வரும்."

"ரெண்டு தரம்?"

"ஜனங்களை ஏமாத்தற நோக்கம்னு வாதாடலாம்."

யாரோ சிரித்தார்கள். தாமோதரனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாதத்துக்கு அவரே வக்கீல் ஃபீஸ் கொடுத்திருந்தார்.

வாசலில் நின்ற அருள்மொழி கேட்டாள். "நீங்களே போதும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேம்மா."

"நான் என்னிக்காவது யாரையாவது எந்திரின்னு சொல்லியிருக்கேனா? முடிக்கறது என் வேலை இல்ல கண்ணு. அது அடிக்கறவங்க வேலை."

"எனக்குத்தான் தடையாச்சே."

"எனக்குந்தான்" என்றார் அம்மா. "தாமோதரா, இந்தக் கூடத்துல யாருக்குத் தடை இல்ல?"

உத்தரவை முழுதாகப் படித்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

"எனக்கு இல்லீங்கம்மா. கேஸ் போட்டது நானாச்சே."

"அப்பச் சரி" என்று அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா, கட்டியிருக்கறது கோர்ட் முத்திரை. யாரு உடைச்சாலும் அவமதிப்பு. நான் உடைச்சா, போட்ட கேஸை நானே..."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வக்கீல்தான். கையெழுத்து ஆயிற்றா என்று கேட்பார். அதிர்ந்து அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது.

ஜெசிந்தா தரையில் கை ஊன்றி இடுப்பைத் தளர்த்திக்கொண்டாள். போகவில்லை. ரங்கசாமியின் கூடையில் மல்லிகை வாடிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி தாமோதரனைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. பஸ் வருமா என்று சாலையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

அவர் அம்மாவைப் பார்த்தார்.

அம்மாவின் இடது கால் சின்ன வயதில் போலியோ வந்த கால். நேரம் கடந்தால் மரத்துப்போகும். பிறகு இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அம்மா அதைச் சொன்னதே இல்லை. கட்டை தன் கையில் இருந்த காலத்தில் அவராகக் கண்டுபிடித்தது. ஒரு நாளும் அவர் தாமதமாக அடித்ததில்லை.

இப்போது அம்மாவின் கை, சேலைக்கு மேலாக அந்தக் காலை மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது.

தாமோதரன் எழுந்தார்.

சேகண்டி அடிக்காமல் அந்தக் கூடத்தில் ஓர் ஆள் எழுந்தது அதுதான் முதல் தடவை.

மூட்டையின் முன்னால் மண்டியிட்டார். அரக்கில் இலச்சினை பளிச்சென்று பதிந்திருந்தது. நகத்தை வைத்து அழுத்தினார். அது சின்னச் சத்தத்தோடு உடைந்தது.

முடிச்சு அவிழ நேரம் பிடித்தது. சேகண்டியைத் தூக்கிப் பிடித்து, மூட்டைக்குள் கூடவே இருந்த கட்டையால் அடித்தார்.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதன் அதிர்வு அடங்கும்வரை எல்லோரும் இருந்தார்கள். பிறகு ஜெசிந்தா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். ரங்கசாமி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

அம்மா காலை நீட்டிக்கொண்டார். ஜாக்கெட்டில் செருகியிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். கையை நீட்டினார்.

"குடு தாமோதரா. அடிச்சதும் போடறேன்னு சொன்னேனில்ல."

அருள்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள்.

தாமோதரனின் கை சட்டைப் பைக்குப் போனது. தாள் அங்கேதான் இருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது.

அவர் கட்டையைக் கீழே வைத்தார். குனிந்து, காலடியில் கிடந்த பாயைச் சுருட்டினார். பிறகு அதற்கடுத்த பாயை.